உருளிப்பாளையத்துக்கு ஒரு வேகத்தடை

நிலாவைச் சுற்றிவரும் உருளிப்பாளையம் தறிகெட்ட வேகத்தில் சுழன்றுகொண்டிருந்த காலத்தில், அந்த ஊரை ஒரு பட்டுச்சேலையால் பிடித்து இழுத்து வேகத்தைக் குறைத்தவள் பூங்கோதை. கயிறு கட்டவில்லை, ராக்கெட் விடவில்லை. சேலையைக் கட்டினாள், மண்டபத்துக்குள் நடந்தாள், சிரித்தாள், இரண்டு வார்த்தை பேசினாள். ஊர் அடங்கிவிட்டது.

இதை அவளே சொல்லக் கேட்டவர்கள் நம்ப முடியாமல் விழித்தாலும், மோர் கொடுத்த கைக்கு மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். சமநிலை அலுவலகத்து நவநீதன் மட்டும் தலையையும் ஆட்ட மாட்டான், மோரையும் தொட மாட்டான். "சேலையாவது, நிறுத்தறதாவது! பம்பு போட்டது நானு. பேரு வாங்கறது இந்தம்மா" என்பான்.

உருளிப்பாளையத்தைப் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. அது ஒரு மாட்டுவண்டிச் சக்கரம். என்ன, கொஞ்சம் பெரிசு. அதைப் பூட்டுவதற்கு மாடு வேண்டுமென்றால் பழனிமலை உயரத்துக்கு வேண்டும். சக்கரத்தின் வெளிவட்டத்துக்கு வட்டை என்று பேர். நடுவில் குண்டாக இருப்பது குடம். இரண்டையும் சேர்ப்பவை ஆரக்கால்கள். சக்கரம் சுழல்வதால்தான் ஜனங்களின் கால் தரையில் நிற்கிறது. வாளியில் தண்ணீரை ஊற்றிக் கையால் சுழற்றினால், கொட்டாமல் வாளியின் அடியிலேயே ஒட்டிக் கிடக்குமே, அதே சங்கதிதான். வட்டையில் குடியிருப்பவர்களுக்குப் பூமியில் உள்ள அதே பாரம். ஆரக்காலில் ஏற ஏறப் பாரம் குறையும். பாதித் தூரத்தில் பாதி. குடத்தை ஒட்டிய கடைசி வரிசையில் கால்வாசி. எண்பது கிலோ ஆசாமி அங்கே இருபது கிலோவாகத் தத்தித் தத்தித் திரிவார்.

பூங்கோதைக்கு இது யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மூன்றாம் ஆரக்காலில் லிப்ட் ஓட்டிப் பணி ஓய்வு பெற்றவள் அவள். மேலே போகும்போது ஊர் சுற்றும் திசையில் உள்ள சுவரில் சாய வேண்டும், இறங்கும்போது எதிர்ச்சுவரில். தெரியாமல் நடுவில் நின்ற புதுசுகள் எல்லாம் தள்ளாடி வந்து அவள் மடியில்தான் விழுவார்கள். அப்படி விழுந்தவர்களில் இரண்டு கலெக்டர்கள் உண்டு என்பாள். ஒரு கலெக்டராவது நிஜம்.

காலம் முழுக்கக் கனத்திலிருந்து லேசுக்கும், லேசிலிருந்து கனத்துக்கும் போய்வந்ததில் அவளுடைய முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாத வியாதி வேறொன்று இருந்தது. அதற்குப் பேர் ரத்தினமாலா. ஓரகத்தி, கொழுந்தன் குழந்தைவேலுவின் சம்சாரம். கொழுந்தன் போய்ச் சேர்ந்த பிறகும், குடத்தை ஒட்டிய அந்தக் கடைசி வரிசை வீட்டில் ரத்தினமாலா தனியாக, ராணி மாதிரி இருந்தாள்.

"வாங்க்கா, வாங்க. உக்காருங்" என்பாள் ரத்தினமாலா. சொல்லிக்கொண்டே நிறைகுடத்தை ஒற்றை விரலில் மாட்டித் தூக்கிவந்து வைப்பாள். அடுப்பிலிருந்து வாசலுக்கு ஒரே தாவு. முகத்தில் ஒரு சுருக்கம் கிடையாது.

"ஏ அம்மிணி, அந்தக் கொடத்த ரெண்டு கையில தூக்குனா என்ன? கொறஞ்சா போயிருவே?" என்பாள் பூங்கோதை.

"எதுக்குங்க்கா ரெண்டு கை? இங்க எதுவுமே கனமில்லீங்."

அந்த 'எதுவுமே' பூங்கோதையின் அடிவயிற்றில் போய் உட்கார்ந்துகொள்ளும். எதுவுமே! இடுப்பு வலி இல்லை, மூட்டு வலி இல்லை, முகத்தில் வயசு இல்லை. மனசாவது கொஞ்சம் கனக்கக் கூடாதா இவளுக்கு? திரும்பி வரும் வழியெல்லாம் லிப்ட் இறங்க இறங்க, முழங்காலும் வயிற்றெரிச்சலும் போட்டி போட்டுக்கொண்டு ஏறும்.

ஒருநாள் வீட்டுக்கு வந்ததும் புருஷன் சென்னியப்பனிடம் சொன்னாள்: "ஏனுங், நாமளும் மேல போயிரலாம்."

சென்னியப்பன் பேப்பரைத் தாழ்த்திப் பார்த்தார். "எனக்கு இன்னும் அறுவதே முடியல. அதுக்குள்ள எதுக்கு மேல போறது?"

"சிரிக்காதீங்க. அவ மட்டும் கிளியாட்டம் பறக்கறா. நான் மட்டும் அம்மிக்கல்லாட்டம் கெடக்கறதா?"

போனார்கள். மேலடுக்குகளில் கிடங்குகள் காலியாகக் கிடந்தன. ரத்தினமாலா வீட்டுக்கு நாலு வரிசை கீழே ஓர் இடம் அமைந்தது. கூடவே அவர்களுடைய தண்ணீரும் போனது. அதுதான் உருளிப்பாளையத்தின் வழக்கம். ஊரை உண்டாக்கிய குடும்பங்கள் கிணற்றுப் பங்குக்காக மூன்று தலைமுறை வெட்டிக்கொண்ட வம்சம். அதனால் குடிவந்த அன்றைக்கே எழுதிவைத்துவிட்டார்கள்: ஒரு வீட்டின் தண்ணீர் அந்த வீட்டிலேயே, அவரவர் தொட்டியில், அவரவர் பூட்டில் இருக்க வேண்டும். வீடு மாறினால் தொட்டியும் மாறும். குளித்தாலும் குடித்தாலும் சுத்தமாகி அவரவர் தொட்டிக்கே திரும்பி வரும் தண்ணீர் அது. அம்மாடி, எவ்வளவு தண்ணீர்! ஊரின் இரும்பையெல்லாம் ஒரு தட்டில் வைத்து, ஊரின் தண்ணீரை மறுதட்டில் வைத்தால், தண்ணீர்த் தட்டு தரையைப் பிளந்துகொண்டு போய்விடும்.

பூங்கோதை ஏறியதோடு நின்றிருந்தால் ஊருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அவள் பேசினாள். வீடியோத் திரையைப் போட்டுக்கொண்டு, வட்டையில் விட்டுவந்த தெருக்காரிகளுக்குத் தன் முழங்காலை மடக்கி நீட்டிக் காட்டினாள். "பாருங்க, சத்தமே வரல!" என்றாள். மாவுச்சட்டியை ஒற்றை விரலில் மாட்டித் தூக்கினாள். அடுத்த வாரம் எதிர்வீடு ஏறியது. அதைப் பார்த்துப் பக்கத்து வீடு. பிறகு தெருவே ஏறியது, அவரவர் தொட்டியோடு. ஊர் மன்றத்தார் கூடிப் பேசி, யாரும் ஏறக்கூடாது என்று தீர்மானம் போட்டுவிட்டு, அவர்களும் ஏறினார்கள்.

கொஞ்ச நாளில் பூங்கோதையின் முழங்கால் மறுபடி சத்தம் போட ஆரம்பித்தது. மாவுச்சட்டிக்கு இரண்டு விரல் வேண்டியிருந்தது. அப்புறம் கை வேண்டியிருந்தது. எவளோ கண் வைத்துவிட்டாள் என்று பூங்கோதை மிளகாய் சுற்றிப் போட்டுக்கொண்டிருந்தபோது, நவநீதன் வந்து வாசலில் நின்றான். ஊரின் சுழற்சியைக் கவனிப்பது அவன் உத்தியோகம். மூன்று நாள் தாடியோடு இருந்தான்.

"அம்மா, சின்ன வயசுல தட்டாமாலை சுத்தியிருக்கீங்களா?"

"சுத்தாம? நான் சுத்துனா பக்கத்து வீட்டுக் கோழியெல்லாம் மயங்கி விழும்."

"கைய நீட்டிச் சுத்திட்டே இருந்து, சட்டுன்னு நெஞ்சோட மடக்குனா?"

"வேகம் பிச்சுக்கும்."

"அதேதானுங். சுத்தற பொருளோட கனம் நடுவுக்கு வந்தா வேகம் ஏறும், வெளிய போனா வேகம் எறங்கும். யாரும் தள்ள வேண்டியதில்ல, புடிக்க வேண்டியதில்ல. இப்ப நம்ம ஊரு கைய மடக்கிட்டு இருக்குதுங். ஆளாளுக்குத் தொட்டியோட மேல ஏறுனீங்களே, அதுதான் அந்தக் கை."

பூங்கோதை மிளகாயைக் கீழே வைத்தாள். "எவ்வளவு ஏறிருக்குது?"

"வேகம் அஞ்சுல ஒரு பங்கு. ஆனா பாரமும் அஞ்சுல ஒரு பங்குதான்னு நெனைச்சுக்காதீங்க. வேகம் ஒரு படி ஏறுனா பாரம் ரெண்டு படி தாவும். கிட்டத்தட்டப் பாதி கூடிப்போச்சு. வட்டைல எழுவது கிலோ ஆளு இன்னைக்கு நூறு கிலோவச் சொமக்கறாருங். அது தாங்காமத்தான் மிச்சம் இருக்கறவங்களும் மேல ஓடியாறாங்க. ஓடிவர ஓடிவர இன்னும் வேகம்."

"பிரேக்கு கிரேக்கு போட முடியாதா?"

"அதுக்கு எரிபொருள் கப்பல் வரோணும். மாசக்கணக்காகும். ஒரே வழிதான் இருக்குது. எல்லாரும் தொட்டிப் பூட்டத் தெறந்து விட்டீங்கன்னா, பம்பு போட்டுத் தண்ணிய வட்டைக்கு அனுப்பிருவேன்."

"என்ற தண்ணி கீழ, நான் மேலயா? நல்லாருக்குதே கத! மொதல்ல அவ பூட்டத் தெறக்கச் சொல்லு, போ."

அவ என்றால் யார் என்று நவநீதன் கேட்கவில்லை. ஏறி இறங்கிய எல்லா வாசலிலும் அவனுக்கு இதே பதில்தான் கிடைத்திருந்தது. ஆள் பேர்தான் வாசலுக்கு வாசல் மாறியது.

மறுநாள் காலையில் ரத்தினமாலாவிடமிருந்து அழைப்பு வந்தது. அவள் தானாகக் கூப்பிட்டதே கிடையாது. பூங்கோதை போய்ப் பார்த்தால், ராணி படுக்கையில் கிடந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது.

"என்ன அம்மிணி?"

"நெஞ்சு மேல ஆரோ ஆட்டுக்கல்ல வெச்ச மாதிரி இருக்குதுங்க்கா."

"டாக்டரு?"

"வந்தாருங். இந்தப் பாரத்த என்ற நெஞ்சு ரொம்ப நாளைக்குத் தாங்காதுன்னாரு. இதுக்கு மேல போறதுக்கும் எடமில்லீங். கொடத்துக்குள்ள மெஷினுதான், காத்துக்கூட இல்ல." மூச்சு வாங்கிக்கொண்டாள். "கல்யாணமாயி வந்த ரெண்டாம் வருஷமே எனக்கு நெஞ்சுல கோளாறுன்னு தெரிஞ்சுபோச்சுங்க்கா. லேசான எடத்துல இருந்தா பொழைப்பேன்னு சொல்லித்தான் அவிய என்னைய இங்க கூட்டிட்டு வந்தாங்க. அன்னைல இருந்து நான் கீழ எறங்குனதில்ல. எறங்கவும் முடியாது."

பூங்கோதைக்குத் தலை சுற்றியது. ஊரின் வேகத்தால் அல்ல. மாமியார் செத்ததற்கு இவள் வரவில்லை. திமிர் என்று ஊரெல்லாம் சொன்னது யார்? சுருக்கமில்லாத அந்த முகத்தை இப்போது கிட்டத்தில் பார்த்தாள். அது இளமை இல்லை, லேசான இடத்தில் ஏறிய வீக்கம்.

"இத்தன வருஷமா ஏன்டி சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க? ஐயோ பாவம்னுருப்பீங்க." ரத்தினமாலா சிரிக்கப் பார்த்தாள். "நீங்க வந்து உக்காந்து, என்னையப் பாத்து வயிறெரிவீங்கல்ல, அதுதானுங்க்கா எனக்குத் தெம்பு. அக்கா பொறாமப்படற அளவுக்கு நான் நல்லாத்தான் இருக்கறேன்னு நெனைச்சுக்குவேன். மனுசன் எத வேணா தாங்கலாம், அந்தப் பாவம்ங்கற வார்த்தையத் தாங்க முடியாதுங்."

பூங்கோதைக்குக் கண் கலங்கியது. கலங்கிய கண்ணிலும் தலையணை உறையின் பூவேலைப்பாடு பட்டு, ஒரு நொடி எரிந்தது. அந்த எரிச்சலில்தான் அவளுக்கு யோசனை பிறந்தது.

நேரே நவநீதனிடம் போனாள். "தம்பி, நீ வீடு வீடாப் போயி புத்தி சொன்னே. புத்தி சொல்லி எவளும் எறங்க மாட்டா. வயித்தெரிச்சல்ல ஏறுன ஊரு, வயித்தெரிச்சல்லதான் எறங்கும். எங்கூட்டுக்காரருக்கு வர்ற வாரம் அறுவது முடியுது. அறுவதாங் கல்யாணத்த வட்டைல வெக்கிறேன். அத ஊட்டுக்கு ஊடு திரையில காட்டு. மிச்சத்த என்ற சேல பாத்துக்கும்."

நவநீதன் அவளை மேலும் கீழும் பார்த்தான். "வட்டைல ஒங்க எடை இப்ப என்னன்னு தெரியுமா? ரெண்டு ஆளு வேணும் ஒங்களைத் தூக்கி நிறுத்த. இதுல ஒரு சேலைய வெச்சு ஊர நிறுத்தறீங்களாக்கும்?"

"நடந்துச்சுன்னா?"

"நடக்காதுங்."

"நடந்துச்சுன்னா, நடந்துச்சுன்னு ஊரு முன்னால ஒத்த வார்த்த சொல்லோணும். அது போதும் எனக்கு."

வட்டையின் கல்யாண மண்டபத்தில் அன்றைக்கு இருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். லிப்டிலிருந்து இறங்கிய நொடியில் பூங்கோதையின் முழங்கால்கள் அவளைக் கெட்ட வார்த்தையில் திட்டின. கழுத்தில் விழுந்த மாலை கன்றுக்குட்டி கனம் கனத்தது. அரக்குப் பட்டு, சரிகைக் கரை, ஒட்டியாணம், காசுமாலை எல்லாம் சேர்த்தால் ஒரு சின்ன யானை. சென்னியப்பன் மணையில் உட்கார்ந்தவர், உட்கார்ந்தவர்தான். எழுப்ப நாலு பேர் தேவைப்பட்டார்கள். அவள் மட்டும் வாசலிலிருந்து மணைவரை, யார் தோளையும் பிடிக்காமல், சிரித்துக்கொண்டே நடந்தாள். அந்த நடையில் அவள் கடித்த கடியில் ஒரு கடைவாய்ப்பல் கழன்றுவிட்டது என்பாள். ஆடியது உண்மை.

ஆனால் அந்தச் சேலை! மேலடுக்குக்காரிகள் சேலை மடிப்பு மடிப்பாக விழுவதைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! லேசான இடத்தில் கொசுவம் குடை மாதிரி விரியும். முந்தானை தோளில் நிற்காமல் பக்கத்து ஆளின் மூக்கைத் துடைக்கும். இங்கே ஒவ்வொரு மடிப்பும் கல்லில் செதுக்கிய மாதிரி விழுந்து நின்றது. மேலே நடந்த கல்யாணங்களில் எறிந்த அட்சதை மிதந்து, திசைமாறி, மாப்பிள்ளையை விட்டுவிட்டு நாதஸ்வரத்துக்குள் போயிருந்தது. இங்கே தூவியது தூவிய தலையில் விழுந்தது. பந்தியில் சோற்றுக்குழியில் ஊற்றிய ரசம், இலையைத் தாண்டி அடுத்தவர் மடிக்குப் போகாமல் குளம் கட்டி நின்றது. வீக்கம் வடிந்து, முழுப் பாரத்தில் சதை இறங்கி நின்ற பூங்கோதையின் முகத்தில், தாடை எலும்பு ராஜகுமாரியின் தாடை மாதிரி எடுப்பாகத் தெரிந்தது.

தாலி கட்டி முடிந்ததும் நவநீதன் கேமராவை அவள் முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தான். பூங்கோதை முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். சரிசெய்ய ஒன்றுமே இல்லை. ஓரகத்தியிடம் கடன் வாங்கிய ஆயுதத்தை எடுத்தாள்.

"என்ன பண்றதுங்," என்றாள், உச்சுக் கொட்டி. "மேல இருக்கறவங்க... பாவம்."

அவ்வளவுதான்.

வீட்டுக்கு வீடு திரைக்கு முன்னால் கரண்டிகள் நின்றன. பாவமா? யார் பாவம்? அறுபது வயசுக்காரி நின்று சேலை காட்டுகிறாள், நாம் என்ன பஞ்சப் பரதேசியா? அன்றைக்குச் சாயங்காலமே எல்லா ஆரக்காலிலும் லிப்டுக்கு வரிசை நின்றதாம். பூங்கோதை பார்க்கவில்லை, முழங்காலில் எண்ணெய்த்துணியைச் சுற்றிக்கொண்டு, அசைய முடியாமல் மண்டபத்து அறையில் கிடந்தாள். ஆனால் தொட்டிகள் ஒவ்வொன்றாக வட்டையில் வந்து இறங்குவது முதுகுக்குத் தெரிந்தது. மடக்கிய கையை ஊர் மெல்ல நீட்டியது. அவளை அழுத்திக்கொண்டிருந்த ஆட்டுக்கல்லைப் பொழுதுக்குப் பொழுது யாரோ கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிவைப்பது போலிருந்தது.

வாரக் கடைசியில் திரையில் ரத்தினமாலா வந்தாள். எழுந்து உட்கார்ந்திருந்தாள். உதட்டில் பழைய நிறம்.

"சேல நல்லாருந்துச்சுங்க்கா," என்றாள். பிறகு, "எனக்கு எரிஞ்சுது" என்றாள்.

பூங்கோதைக்கு வாழ்நாளில் அப்படி ஒரு சந்தோஷம் கிடைத்ததில்லை.

நியாயமாகப் பார்த்தால் கதை இங்கே முடிய வேண்டும். முடியவிடாமல் செய்தது ஊர் மன்றம். வேகம் குறைந்ததற்காக நவநீதனுக்கு வெள்ளித்தட்டு கொடுத்தார்கள். அவனும் மேடையேறி, "பம்பு மூலமா..." என்று ஆரம்பித்து, விளக்கப்படம் போட்டுப் பேசிவிட்டு, தட்டை வாங்கிக்கொண்டு போனான். ஒத்த வார்த்தையைக் காணோம். அன்றிலிருந்து பூங்கோதைக்கு அந்த வெள்ளித்தட்டு கனவில்கூட வந்தது. வருகிற போகிறவர்களுக்கெல்லாம் மோரை ஊற்றிச் சேலைக் கதையைச் சொன்னாள். சொல்லச் சொல்லச் சேலையின் சரிகை அகலமானது. நவநீதன் 'பச்சைப் பொய்' என்றே சொல்லிவந்தான். அவன் முடியும் நரைத்தது. அவனுக்கும் பணி ஓய்வு வந்தது.

விடைகொடுக்கும் விழா அதே மண்டபத்தில் நடந்தது. பூங்கோதை முன்வரிசையில், வேண்டுமென்றே அதே அரக்குப் பட்டில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலியில் நிறுத்திய திரையில், குடத்தோரத்திலிருந்து ரத்தினமாலா. தலைவர் பம்பைப் பற்றிப் புகழ்ந்து முடித்தார். நவநீதன் மைக்கைப் பிடித்தான். அந்தச் சேலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பம்பு ஓடவே இல்லீங்," என்றான்.

மண்டபம் திரும்பிப் பார்த்தது.

"எப்பிடி ஓடும்? பூட்டத் தெறந்தாத்தான? ஒருத்தர்கூடத் தெறக்கல. நானும் தெறக்கல." மைக்கை மறுகைக்கு மாற்றினான். "படிச்சவன் நானு. கணக்குப் போட்டவன் நானு. ஊரே அந்தம்மா பேரச் சொன்னா எனக்கும் எரியாதுங்களா? அதுதான் பம்புன்னு சொல்லிப்போட்டேன்."

"செரி தம்பி," என்றாள் பூங்கோதை, இடத்தை விட்டு அசையாமல். "அன்னைக்கு லிப்டு வரிசை நெசமாவே நின்னுச்சா? அதையாவது சொல்லு. நான் பாக்கல."

நவநீதன் மேடையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த தன் மனைவியைப் பார்த்தான். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினாள்.

"நின்னுச்சுங். மொத ஆளா நின்னது என்ற சம்சாரம். பாவம்னு நீங்க சொன்ன அடுத்த நிமிசம் கெளம்பிட்டா. ரெண்டாவது ஆளா, கேமராவ வெச்சுட்டு மேல ஓடி, எங்கூட்டுத் தொட்டியத் தள்ளிட்டு நின்னது நானு." மைக்கைக் கீழே வைக்கப் போனவன், மறுபடி எடுத்தான். "நடந்துச்சுங்க."